ஊருக்கொரு பெட்டி, கைக்கொரு திரை

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது என்றாலும், 1980-களில்கூடச் சிற்றூர்ப் பிள்ளைகள் பலருக்கு அது பஞ்சாயத்து அறையிலோ வசதியான ஒருவர் வீட்டுக் கூடத்திலோ கூடிப் பார்க்கும் பெட்டியாகவே இருந்தது. வெள்ளிக்கிழமைத் திரைப்பாடல்களுக்கு முன்னதாகவே போய்த் தரையில் இடம்பிடிப்பதும், படம் புள்ளியடித்தால் ஒருவன் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்ப, "இன்னும் கொஞ்சம், போதும் போதும்!" என்று மற்றவர்கள் கீழிருந்து கத்துவதும் அதில் அடக்கம். ஒளிபரப்பு முடிந்தால் எழுந்து போகத்தான் வேண்டும். நிறுத்தும் பொறுப்பு பிள்ளையிடம் இல்லை.

2016-க்குப் பின் மலிவான இணையத்தோடு வளரும் பிள்ளையிடம் அந்தப் பொறுப்பு முழுவதும் வந்து சேர்ந்திருக்கிறது. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடத் தொடங்க, போதும் என்று முடிவெடுக்கும் வேலையை ஐந்து வயதுக் குழந்தையின் தலையில் கட்டியிருக்கிறோம். இது சற்றும் நியாயமில்லை. ஆனால் அன்று சாதி பார்த்து வாசலிலேயே நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதைப் பழையதைப் புகழ்வோர் மறக்கக் கூடாது. புரியாத கணக்கை நிறுத்தி மறுபடி கேட்கும் வசதியும் அப்போது இல்லை. என்னைக் கேட்டால், பாடத்துக்குக் கைபேசியும், பொழுதுபோக்குக்கு வீட்டார் சேர்ந்து பார்க்கும் கூடத்துத் தொலைக்காட்சியுமே மேல்.