மூன்று தலைமுறையோடு தீவு உலா: ஏகினாவா, லோபுட்டா, ஸ்ட்ரோம்போலியா?

'ஒரே நாளில் மூன்று தீவுகள்' என்கிற பலகை மத்தியதரைக் கடலோரத்துப் படகுத்துறைகளில் அடிக்கடி கண்ணில் படும். முழங்கால் வலியுள்ள அம்மா, ஆறு வயதுப் பையன், பத்தாம் வகுப்புப் பெண் என்று ஒரு குடும்பமே கிளம்பும்போது அந்த 'மூன்று' என்ற எண்ணைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். படகில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், கரையில் எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள். கிரீஸின் ஏகினா, குரோஷியாவின் லோபுட், இத்தாலியின் ஸ்ட்ரோம்போலி என்ற மூன்று இடங்களையும் நான் அந்தக் கணக்கை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

விசாவில் வித்தியாசம் இல்லை. கிரீஸ், இத்தாலி, குரோஷியா மூன்றுக்கும் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே போதும். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனிலும் யூரோவிலும் ஒருசேர நுழைந்தது.

ஏதென்ஸுக்குப் பக்கத்திலுள்ள சரோனிக் வளைகுடாவில் ஹைட்ரா, போரோஸ், ஏகினா மூன்றையும் ஒரே நாளில் காட்டும் கப்பல்கள் பல காலமாக ஓடுகின்றன. மதிய உணவும் பாட்டும் கப்பலிலேயே உண்டு. சௌகரியம்தான், ஆனால் நாளின் பெரும்பகுதி மேல்தளத்து நாற்காலியிலேயே போய்விடும். போரோஸில் இறங்கி மணிக்கூண்டுவரை ஏறி இறங்கினால் கப்பல் கூப்பிட்டுவிடும். கார், ஸ்கூட்டர் எதையும் அனுமதிக்காத ஹைட்ராவில் கோவேறு கழுதைகள்தான் சாமான் சுமக்கின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். துறைமுகத்தை ஒட்டிய பாதை சமதளம், அதைத் தாண்டினால் எல்லாம் படிக்கட்டு. அம்மாவை ஒரு காபிக் கடையில் உட்காரவைத்துவிட்டுத்தான் ஏற வேண்டியிருக்கும்.

என்னைக் கேட்டால் அந்தக் கப்பலை விட்டுவிட்டு, பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாதாரண ஃபெரியில் ஏகினாவுக்கு மட்டும் போகலாம். ஒன்றேகால் மணி நேரப் பயணம். திறந்த மேல்தளம் இருப்பதால் பையன் ஓடியாட இடம் உண்டு. கி.மு. 500-ஐ ஒட்டிக் கட்டிய அஃபாயா கோயில் அங்கே பைன் மரக் குன்றின்மேல் தூண்களோடு நிற்கிறது, ஊரிலிருந்து பேருந்திலேயே போகலாம். 1828-இல் நவீன கிரீஸின் தற்காலிகத் தலைநகராக இருந்த ஊர் இது. அதையெல்லாம்விட இங்கே விளையும் பிஸ்தாவுக்குத்தான் பேர் அதிகம். நேரம் மிச்சமிருந்தால் பக்கத்துத் தீவான அகிஸ்ட்ரிக்குச் சின்னப் படகில் போய் வரலாம். அங்குள்ள ஸ்காலா கடற்கரை மணலும் ஆழம் குறைந்த நீருமாக இருக்கும். சைவக்காரர்களுக்கும் கிரீஸில் கவலை வேண்டாம்: பெரிய வெள்ளை அவரையைத் தக்காளியில் வேகவைத்தது, பசலைக்கீரை அடை, வேகவைத்த கீரை எல்லாம் சாதாரணக் கடையிலேயே கிடைக்கும்.

அடுத்தது டுப்ரோவ்னிக் அருகேயுள்ள எலஃபீட்டி தீவுகள். கோலோச்செப், லோபுட், ஷிப்பான் மூன்றையும் சுற்றும் மரக்கப்பல்கள் காலையில் கிளம்பி மாலைக்குள் திரும்பிவிடுகின்றன. தீவுகள் ஒன்றுக்கொன்று பக்கம், அதனால் கடலில் போகும் நேரம் குறைவு. சுட்ட மீன்தான் வழக்கமான மதியச் சாப்பாடு என்பதால், சைவம் வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். லோபுட்டின் மறுபக்கத்திலுள்ள ஷூன் கடற்கரைக்காகவே இங்கே வரலாம். குரோஷியக் கரையில் பெரும்பாலும் கூழாங்கல்லும் பாறையும்தான், ஷூனில் மணல். வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவைத் தாண்டாது. ஆறு வயதுப் பையனை அங்கே விட்டால் கூப்பிட்டாலும் வரமாட்டான். ஊரிலிருந்து மேட்டைத் தாண்டி நடக்க வேண்டும், முடியாதவர்களைக் கோல்ஃப் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார்கள். வீட்டில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் என்றால் நான் யோசிக்காமல் லோபுட் என்றே சொல்வேன். ஷிப்பானையும் கோலோச்செப்பையும் விட்டால்கூடப் பரவாயில்லை, அங்கே மிச்சமாகும் நேரத்தை ஷூனில் செலவிடுங்கள்.

சிசிலிக்கு வடக்கே இருக்கும் ஏயோலியத் தீவுகள் கொஞ்சம் சிரமமானவை. ஏழு எரிமலைத் தீவுகள், 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. மிலாட்சோ துறைமுகத்திலிருந்து இவற்றில் பெரிய தீவான லிபாரிக்கு ஹைட்ரோஃபாயில் என்னும் அதிவேகப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். மூடிய அறைக்குள்தான் இருக்கை, அலை எழும்பினால் வயிறு புரட்டும், காற்று பலமாக அடித்தால் பயணமே ரத்தாகும். அதனால் ஒரே நாளில் போய்த் திரும்புவதாகத் திட்டம் போடாதீர்கள். லிபாரியில் குறைந்தது மூன்று இரவு தங்கினால், காற்று ஒருநாளைப் பறித்தாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும். அங்கிருந்து பக்கத்துத் தீவுகளுக்குத் தனித்தனியாகப் போய் வரலாம். வுல்கானோவில் இறங்கும்போதே கந்தக வாடை மூக்கைத் துளைக்கும், பிள்ளைகளுக்கு அதுவே பெரிய விஷயம். சலீனாவில் கேப்பர் மொட்டும் தக்காளியும் போட்ட சுட்ட ரொட்டி, அரைத்த ஐஸ் இனிப்பான எலுமிச்சை கிரானீட்டா.

இவ்வளவு சிரமத்துக்கும் ஈடாக ஒரு மாலை இருக்கிறது. அந்த ஏழு தீவுகளில் ஒன்றான ஸ்ட்ரோம்போலி ஈராயிரம் ஆண்டுக்கும் மேலாக ஓயாமல் பொங்கும் எரிமலை. 2019 ஜூலையில் நடந்த பெருவெடிப்பில் மலையேறிய ஒருவர் இறந்தார். இப்போது உச்சிக்கு ஏற அனுமதிப்பதில்லை, கீழ்ச் சரிவோடு சரி. ஆனால் லிபாரியிலிருந்து கிளம்பும் மாலை உலாப் படகுகள் இருட்டும் நேரத்தில் தீவின் வடமேற்கே, நெருப்புக் குழம்பு உருண்டு கடலுக்கு இறங்கும் கரும் சரிவுக்கு எதிரே போய் நிற்கின்றன. சில நிமிடங்களுக்கொரு முறை உச்சியில் செந்நிறப் பொறி தெறிக்கும், ஒன்றுமே நடக்காமல் கால்மணி நேரம் காத்திருக்க வேண்டியும் வரலாம்.

கரையில் கிடைக்கும் நேரத்தைக் கணக்குப் பாருங்கள் என்று நானேதான் ஆரம்பித்தேன். இங்கே மட்டும் அந்தக் கணக்கு செல்லாது, பார்க்க வேண்டிய இடமே படகுதான். முழங்கால் வலியோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் பத்தாம் வகுப்புப் பேத்தியும் ஒரே பொறியை ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். ஹைட்ராவின் படிக்கட்டில் அது நடக்காது, ஷூன் மணலிலும் பாட்டி பெரும்பாலும் துண்டுகளுக்குக் காவல்தான். மூன்று தலைமுறையும் சேர்ந்து போகிற ஒரே பயணம் என்றால் என் ஓட்டு லிபாரிக்குத்தான்.

ஜூலை, ஆகஸ்ட் கூட்டத்தைத் தவிர்த்துச் செப்டம்பர் முதல் வாரங்களில் போனால் கடல்நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆனால் ஸ்ட்ரோம்போலியிலிருந்து திரும்பும் வழி முழுக்க இருட்டு, காற்று சில்லென்று அடிக்கும். ஆளுக்கொரு ஸ்வெட்டர், அம்மாவுக்கு ஒரு சால்வையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.