ஐஎஸ்ஓ 6-இல் மூன்று வருஷம்: சினிமா பாசிட்டிவ் பிலிமோடு என் அனுபவம்

கோடக் 2302. சினிமாக்காரர்கள் 'பாசிட்டிவ்' என்று சொல்கிற கறுப்பு வெள்ளைச் சரக்கு. நெகட்டிவிலிருந்து தியேட்டருக்குப் பிரதி போடத் தயாரித்தது, கேமராவுக்கானதே அல்ல. நூறடிச் சுருள் ஒன்று கைமாறி வந்தது. 36 படம் வருகிற மாதிரி சுற்றினால் பதினெட்டு ரோல் தேறும். மூன்று வருஷமாக அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் ஸ்டுடியோவில் டார்க் ரூமிலேயே காலம் தள்ளிய அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். "பாசிட்டிவ்ல படம் எடுக்கிறியா? ஊட்டி ஃபேக்டரியில 'இந்து'ங்கிற பேர்ல பிலிம் ஓட்டின காலத்துலகூட எவனும் இதைப் பண்ணலைப்பா" என்று சிரித்தார்.

பிலிம் ஒளியை வாங்குகிற வேகம் ஐஎஸ்ஓ 6 என்று வைத்துப் பழகிவிட்டேன். என் நிக்கான் எஃப்எம்2-இல் டயல் 12-க்குக் கீழே இறங்காது. 12-இல் நிறுத்திவிட்டு லைட் மீட்டர் காட்டுவதைவிட ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம், கூடுதலாகக் கொடுப்பேன். உச்சி வெயிலில் எஃப்/4-க்கு 1/125-ஐ ஒட்டிக் கிடைக்கும். வெயில் சாய்ந்தால் டிரைபாட்தான்.

ஆனால் மீட்டரை முழுசாக நம்பவும் முடியாது. இந்தப் பிலிமுக்கு நீல ஒளி மட்டும்தான் தெரியும். கறுப்பு வெள்ளை நெகட்டிவைப் பிரதியெடுக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? காலை ஆறரை மணி மஞ்சள் வெயிலில் மீட்டர் பேச்சைக் கேட்டு எடுத்த ரோல் கழுவிப் பார்த்தால் படமே விழாமல் வெறும் கண்ணாடி. இப்போது அந்த நேரத்துக்கு இன்னும் ஒன்றரை ஸ்டாப் சேர்க்கிறேன். நிழலில் கதை வேறு. அங்கே விழுவது வானத்து நீலம் என்பதால் நினைத்ததைவிட நன்றாகவே பதியும். கழுகுமலை வெட்டுவான் கோயிலில் எடுத்த படங்களில், பாறைக் குடைவின் நிழல் பக்கத்தில் உளி இறங்கிய தடத்தை ஒவ்வொன்றாக எண்ணலாம். வானம் மட்டும் வெள்ளைத் தாள். மேகத்தைத் தேடவே வேண்டாம்.

மனிதர்களை எடுப்பதென்றால் யோசிக்க வேண்டும். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு வந்த பெரியம்மாவை வாசலில் உட்காரவைத்து எடுத்தேன். மஞ்சள், குங்குமம், செம்மண் மூன்றும் இந்தப் பிலிமுக்குக் கறுப்புதான். பிரிண்ட்டைப் பார்த்துவிட்டு, "ஏண்டா, அடுப்புக்குள்ள தலைய விட்டுட்டு வந்தவ மாதிரி இருக்கேன்" என்றார். அதற்குப் பிறகு என் கேமராவுக்கு முகம் காட்டுவதில்லை.

இத்தனைக்கும் இதை விடாமல் இருப்பதற்குக் காரணம் கழுவுகிற சுகம். சிவப்பு வெளிச்சம் உறைக்காது என்பதால் டேங்க் வேண்டாம், ட்ரேயிலேயே பார்த்துக் கழுவலாம். சாமி மாடத்தில் எரிகிற சிவப்பு ஜீரோ வாட் பல்பைக் கழற்றிவந்து மாட்டினேன். முதல் ரோல் முழுக்கச் சாம்பல் பூத்துப்போனது. அப்புறம்தான் புத்தி வந்தது: பிலிம் துண்டின் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து, பல்புக்கு அடியில் ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவினேன். சுற்றிலும் கறுத்து, நடுவில் காசு மட்டும் பளிச்சென்று வட்டமாக நின்றது. மேலே பூசிய சாயம் வெள்ளை ஒளியையும் கசியவிட்டிருக்கிறது. சிவப்பு எல்இடிக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

டெவலப்பர் டி-76-ஐ அப்படியே ஊற்றினால் நடுச்சாம்பல் இல்லாமல் ஜெராக்ஸ் எடுத்த மாதிரி வரும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்க்கிறேன். மே மாசத்தில் குழாய்த் தண்ணீர் முப்பது டிகிரிக்கு மேல் நிற்கும். ஐஸ் கட்டி போட்ட பேசினுக்குள் ட்ரேயை வைத்து 24-க்குக் கொண்டுவந்தால் ஆறேழு நிமிஷம் போதும். பிலிமின் இரண்டு முனையையும் பிடித்து ஊஞ்சல் மாதிரி மாறிமாறி இறக்கி ஏற்றும்போது, நெகட்டிவ் என்பதால் முதலில் கறுப்பது வானம். அப்புறம் சுவர், வேட்டி. அடர்த்தி போதும் என்று கண்ணுக்குப் பட்டதும் எடுத்து, படத்தை நிலைநிறுத்துகிற ஹைப்போவில் போட்டுவிடுவேன். 36 படச் சுருளைக் கையில் ஆட்டித் தோள்பட்டை போனதிலிருந்து 15 படத்துக்கு மேல் சுற்றுவதில்லை.

இன்னொன்று, இது பாலியெஸ்டர். இழுத்தால் அறுந்துபோகாது. சுருள் முடிந்தது தெரியாமல் லீவரை அழுத்தினால் வலி கேமராவுக்குத்தான். நுனி வழியாக வெளிச்சம் உள்ளே ஓடும் என்பதால் நிழலில் ஒதுங்கித்தான் மாட்ட வேண்டும். அப்படியும் முதல் இரண்டு படத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

டப்பாவில் இன்னும் நான்கைந்து மீட்டர் இருக்கும். மழைக்காலத்து மூடிய வானத்தில் குளக்கரையை எடுப்பதற்கென்று எடுத்துவைத்திருக்கிறேன்.