9 மி.மீ. தோட்டாவின் நீளம்: எந்த எண்ணை நம்புவது?

அமெரிக்காவில் இருந்துகொண்டு பிஸ்டல் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பத் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம், அங்கே இதை முயலவே கூடாது.

புதிதாக வருகிறவர்கள் வெடிமருந்தின் எடையைத் தராசில் இரண்டு முறை சரிபார்ப்பார்கள். நீளத்தில்தான் கோட்டை விடுவார்கள். தோட்டாவின் அடியிலிருந்து குண்டின் (சுட்டதும் பறந்து போகும் பகுதி) நுனி வரை எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால் நாலு இடத்திலிருந்து நாலு எண் கிடைக்கும்: தொழில்துறைத் தரநிலை சொல்லும் உச்ச நீளம், மருந்து அட்டவணையில் அச்சான நீளம், கடையில் வாங்கிய தோட்டாவின் நீளம், உங்கள் பேரலே (துப்பாக்கிக் குழல்) சொல்லும் நீளம். நான்கும் ஒன்றல்ல. எதற்கு எதைக் கேட்பது என்று தெரிந்துவிட்டால் குழப்பம் தீர்ந்தது.

முதலில், நீளம் ஏன் இவ்வளவு முக்கியம்? 9 மி.மீ. கேஸ், அதாவது மருந்தும் குண்டும் இருக்கும் உலோக உறை, மிகச் சின்னது, 0.754 அங்குலம்தான். குண்டு கொஞ்சம் உள்ளே இறங்கினாலும் மருந்து எரிவதற்கான இடம் சட்டென்று சுருங்கிவிடும், அழுத்தம் ஏறிவிடும். குண்டு தயாரிக்கும் ஸ்பியர் நிறுவனம் முன்பு வெளியிட்ட ஒரு சோதனை முடிவை ரீலோடிங், அதாவது தோட்டா நிரப்பும் வேலை செய்கிறவர்கள் இன்றும் எடுத்துச் சொல்வார்கள்: குண்டை வேண்டுமென்றே 0.030 அங்குலம் கூடுதலாக இறக்கியதும், 28,000 சி.யு.பி. (செப்பு உருளை நசுங்குவதை வைத்து அளக்கும் பழைய அழுத்த அலகு) ஆக இருந்த அழுத்தம் 62,000க்குப் போனது. எல்லா மருந்தும் எல்லா குண்டும் இப்படியே தாவும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மி.மீ.கூட வராத ஒரு இடைவெளி துப்பாக்கியைப் பிளக்கும் அளவுக்குப் போகலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, எண்களுக்கு வருவோம். அமெரிக்கத் தரநிலை அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. 9 மி.மீ. லூகருக்கு வைத்திருக்கும் உச்ச நீளம் 1.169 அங்குலம், உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு; சி.யு.பி.யோடு நேராக ஒப்பிட முடியாது). பலர் இந்த 1.169ஐ இலக்காக எடுத்துக்கொள்கிறார்கள். அது வெளி எல்லை மட்டுமே, அதைத் தாண்டக் கூடாது என்பதோடு அதன் வேலை முடிந்தது. உருண்டை மூக்குக் குண்டு சில பேரல்களில் அந்த நீளத்துக்குப் பக்கத்தில் வரை போகும். தட்டை மூக்குக் குண்டோ அதற்கு வெகு முன்பே ரைஃப்ளிங்கில் (குண்டைச் சுழலவைக்க பேரலுக்குள் இருக்கும் திருகு வரிகள்) போய் முட்டிவிடும். குண்டின் வடிவம் இந்த எண்ணுக்குத் தெரியாது.

கடைத் தோட்டாவை அளந்து அதே நீளத்துக்குச் செய்வது இன்னும் மோசம். அந்தக் குண்டும் மருந்தும் உங்களிடம் இல்லை. நீளம் மட்டும் ஒன்றாக இருப்பதில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது.

மருந்து அட்டவணையின் எண்ணுக்கு மதிப்பு அதிகம். ஒரு குறிப்பிட்ட குண்டு, ஒரு குறிப்பிட்ட மருந்து, ஒரு சோதனை பேரல், இவற்றை வைத்து இந்த நீளத்தில் அழுத்தம் இவ்வளவு வந்தது என்று ஆய்வகத்தில் அளந்து போட்டிருக்கிறார்கள். அதனால் அதை நான் கீழ் எல்லையாகவே படிக்கிறேன்: இதற்குக் கீழே இறங்கினால் அந்த அழுத்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மேலே கொஞ்சம் போனால் பொதுவாக அழுத்தம் குறையும், வேகமும் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. எடை ஒன்றாக இருந்தால் போதும் என்று வேறு நிறுவனக் குண்டுக்கு அதே நீளத்தைப் போட்டுவிடுவார்கள். கேஸ் நீளத்தோடு குண்டின் நீளத்தைக் கூட்டி, அதிலிருந்து தோட்டாவின் மொத்த நீளத்தைக் கழித்தால் குண்டு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று தெரியும். 0.560 அங்குலக் குண்டை 1.120க்கு வைத்தால் உள்ளே 0.194. அதே எடையில் 0.600 நீளமுள்ள குண்டை அதே 1.120க்கு வைத்தால் உள்ளே 0.234. தோட்டா வெளியே ஒன்றுபோலத் தெரியும், உள்ளே 0.040 அங்குலம் வித்தியாசம். மேலே சொன்ன சோதனையில் இறக்கியதைவிட இது அதிகம். புதுக் குண்டுப் பெட்டியைத் திறந்ததும் கேலிப்பரை (நுட்பமாக நீளம் அளக்கும் கருவி) எடுத்துக் குண்டின் நீளத்தை அளப்பது வீண் வேலை இல்லை.

இனி பேரல். இதைத்தான் நிதானமாகச் செய்ய வேண்டும். பேரலைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிக்கொள்ளுங்கள். மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத ஒரு கேஸில் குண்டைக் கொஞ்சம் நீளமாகவே பொருத்தி சேம்பருக்குள் (பேரலின் பின்பக்கம் தோட்டா உட்காரும் அறை) விடுங்கள். 'டக்' என்று உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். அடிப்பக்கம் பேரலின் பின்விளிம்போடு மட்டமாக நிற்க வேண்டும். விரலால் திருகினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும், பேரலைக் கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். இல்லையென்றால் குண்டை இன்னும் சற்று இறக்கி மறுபடி போடுங்கள். தடையில்லாமல் சுற்றும் மிக நீளமான அளவுதான் அந்தக் குண்டுக்கு அந்தப் பேரலின் உச்சம்.

எங்கே முட்டுகிறது என்று தெரியவில்லையா? குண்டையும் கேஸின் வாயையும் மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிவிட்டுப் போட்டுத் திருகுங்கள். குண்டின் மேல் சின்னச் சின்னக் கோடுகள் விழுந்தால் ரைஃப்ளிங் தொடுகிறது, நீளத்தைக் குறைக்க வேண்டும். கேஸ் வாயின் விளிம்பில் மை தேய்ந்திருந்தால் கோளாறு கிரிம்ப்பில், அதாவது குண்டைச் சுற்றிக் கேஸ் வாயை இறுக்கிய இடத்தில் இருக்கிறது. அப்போது நீளத்தைக் குறைப்பது தவறான வைத்தியம், அழுத்தத்தை வீணாக ஏற்றுவதுதான் மிச்சம். கடையில் கிடைக்கும் கேஸ் கேஜ் கேஸின் உருவத்தைச் சரிபார்க்க உதவும். உங்கள் பேரலில் ரைஃப்ளிங் எங்கே தொடங்குகிறது என்பதை அது சொல்லாது.

பேரல் சொன்ன உச்சத்திலிருந்து 0.015 அங்குலம் கழிப்பது என் வழக்கம். ஒவ்வொரு குண்டின் நுனியும் கொஞ்சம் மாறும், சேம்பரில் கரி படியும், அதற்கான இடம் அது. உச்சம் 1.142 வந்தால் எனக்கு மேல் எல்லை 1.127. அட்டவணை 1.120 என்றால் 1.125க்கு டையை (குண்டைக் கேஸில் இறக்கும் கருவி) பூட்டிவிடுவேன். அப்புறம் மேகசினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) போட்டுப் பார்க்க வேண்டும். முன்சுவரில் உரசாமல் ஏறி இறங்க வேண்டும்.

பேரலும் அட்டவணையும் மோதும்போதுதான் சிக்கல். சிஇசட் 75 வகைப் பிஸ்டல்களில் ரைஃப்ளிங் சீக்கிரமே தொடங்கிவிடும் என்பது அவற்றை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். அப்படி ஒரு பேரல் 1.100தான் உச்சம் என்கிறது, அட்டவணை 1.120 என்கிறது. 0.015 கழிவோடு பார்த்தால் 0.035 அங்குலம் குறைத்தாக வேண்டும். மருந்தைக் கொஞ்சம் குறைத்துச் சமாளித்துவிடலாம் என்பார்கள். எவ்வளவு குறைப்பது என்று சொல்ல அங்கே அளந்த தகவல் எதுவும் இல்லை, அட்டவணையின் தொடக்க மருந்து அளவுகூட அந்த நீளத்தில் சோதித்ததல்ல. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குண்டை மாற்றுங்கள், அல்லது அந்தக் குண்டுக்குக் குறைந்த நீளத்தில் சோதித்து வெளியிட்ட தகவலைத் தேடிப் பிடியுங்கள். தேர்ந்த துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுத்து ரைஃப்ளிங்கின் தொடக்கத்தைச் சற்று நீட்டிக்கொள்பவர்களும் உண்டு, அதுவும் நல்ல வழியே.

இன்னொரு பிஸ்டல் தோட்டாவான .45 ஏசிபி இவ்வளவு கறாரானது இல்லை. கேஸ் பெரிது, உச்ச அழுத்தம் 21,000 பி.எஸ்.ஐ., உச்ச நீளம் 1.275. முறை அதேதான். .38 ஸ்பெஷல் போன்ற ரிவால்வர் தோட்டாக்களில் குண்டின் மேலுள்ள பள்ளத்தில் கிரிம்ப் உட்கார வேண்டும் என்பதே நீளத்தைத் தீர்மானித்துவிடும்.

கடைசியாக, மேசையில் அளந்த நீளம் துப்பாக்கிக்குள் அப்படியே நிற்கிறதா என்பது தனிக் கேள்வி. மேகசினிலிருந்து தோட்டா மேலேறும்போது குண்டின் மூக்கு சரிவில் மோதும், பிடிப்பு தளர்வாக இருந்தால் உள்ளே நழுவிவிடும். முடித்த தோட்டாவின் நுனியை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மருந்தும் பிரைமரும் இல்லாத ஒரு மாதிரித் தோட்டாவை மேகசினிலிருந்து ஸ்லைடை (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) விட்டு ஏற்றி எடுத்தும் அளக்கலாம். .40 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டா வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், அந்தத் தோட்டா இந்த விஷயத்தில் பேர் வாங்கியது. ஒரே தோட்டாவை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி வைத்திருப்பவர்களும் அவ்வப்போது கேலிப்பரில் வைத்துப் பார்க்க வேண்டும். நீளம் குறைந்திருந்தால் அதைச் சுடாமல் ஒதுக்கி, புல்லரில் (கேஸிலிருந்து குண்டைப் பிரிக்கும் கருவி) தட்டிப் பிரித்துவிடுங்கள்.