வால்வில் பிழையில்லை: சத்தம் போட்ட கிட்டார் அம்ப்புடன் நாலு வருசம்

யாழ்ப்பாணம் கொண்டாவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு 15 வாட்ஸ் வால்வு அம்ப், கிட்டார் ஒலியைப் பெருக்கிக் கொடுக்கிற பெட்டி, நிற்கிறது. உள்ளே பழைய றேடியோக்களில் இருந்த மாதிரிக் கண்ணாடி வால்வுகள்: இரண்டு ஈஎல்84, மூன்று 12ஏஎக்ஸ்7. ஒருவர் பாவித்ததைக் கொழும்பில் வாங்கி நாலு வருசமாகிறது. அழுத்தி மீட்டினால் கரகரக்கும், மெல்லத் தொட்டால் தெளியும். அந்த ஒன்றுக்காகத்தான் இந்தப் பாரத்தை இன்னும் தூக்கித் திரிகிறேன். ஆனால் எழுத வந்தது கிட்டார் ஒலியைப் பற்றியில்லை, கேட்காமலே அது போட்ட சத்தங்களைப் பற்றி.

முதலில் வந்தது உறுமல். வீடியோக்களில் 60, 120 ஹேர்ட்ஸ் என்று சொல்லுவார்கள், அது அமெரிக்கக் கறண்ட். எங்களுக்கு 50, 100. மீற்றர் இல்லாமலே பிரித்தறியலாம்: தடித்த ஈ கம்பியின் மூன்றாம் ஃபிரெட்டில் வரும் ஜி 98 ஹேர்ட்ஸ், உறுமல் அதோடு கிட்டத்தட்ட ஒத்துப்போய்க் கொஞ்சம் முரடாகக் கேட்டால் 100, அநேகமாகக் கறண்டைச் சீராக்குகிற ஃபில்டர் கப்பாசிட்டர்கள் கிழண்டிவிட்டன. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே வழுவழுப்பாக முனகினால் 50. எர்த், வால்வைச் சூடாக்குகிற ஹீட்டர் வயர், பக்கத்தில் ஏதாவது டிரான்ஸ்போமர் என்று தேட வேண்டும். என்னுடையது 50. சிநேகிதன் வீட்டுக்குக் கொண்டுபோனால் உறுமலே இல்லை. எங்கள் வீட்டில் கிட்டார்க் கம்பியைத் தொட்டால் விரல் நுனி மெல்லச் சுள்ளென்றும் இருந்தது, அதைப் பல நாள் பொருட்படுத்தாமல் விட்டது என் மடத்தனம். எலக்ட்ரீசியன் வந்து கிணற்றடியில் எர்த் கம்பியைக் கிளறிப் பார்த்தால், வயர் துருப்பிடித்து அறுந்து தனியே கிடக்கிறது. புது வயர், புது கிளாம்ப், அன்றோடு சரி. உறுமல் குறையும் என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லுகிற ஆட்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள், செத்துப்போவீர்கள்.

இரண்டாவது வருசம் தொடங்கியதுதான் பெரிய தலையிடி. போட்டு இருபது நிமிசம் சூடேறினதும் கடுகு தாளிக்கிற மாதிரி வெடிக்கும், இடையிடையே ‘டம்’ என்று ஒரு அடி, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். கேபிளைக் கழற்றினாலும் வெடித்தது, ஆனால் வொலியூமைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் நின்றது. அப்படியென்றால் பிழை வொலியூமுக்கு முன்னால், முதல் வால்வின் பக்கம். அதைக் கழற்றினேன், அமைதி. கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு கொழும்பிலிருந்து புது வால்வு எடுப்பித்துப் போட்டால் அதுவும் இருபது நிமிசத்தில் தாளிக்கத் தொடங்கியது. போலி வால்வு என்று முடிவுகட்டி, ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சானிடம் இரண்டு சொல்லிவிட்டேன். அவை இரண்டும் கூடத் தாளித்தன.

கடைசியில் எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் றேடியோ திருத்துகிற ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். யுத்த நேரம் கறண்ட் இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் றேடியோ கேட்ட காலத்தில், அந்த றேடியோக்களைத் திருத்திக் கொடுத்தவர். நான் கதையை முடிக்க முன்னமே சிரித்தார். “தம்பி, வால்வைக் கழட்டினாச் சத்தம் நிக்கத்தானே செய்யும். கறண்ட் ஓடாட்டி ரெசிஸ்டர் என்னெண்டு கத்தும்?”

அம்பைத் திறந்து ஓடவிட்டு, இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் பின்னல் ஊசியால் ஒவ்வொன்றாகத் தட்டினார். அந்த ஒற்றைக் கைதான் முக்கியம், கறண்ட் ஒரு கையால் ஏறி நெஞ்சுக்குள்ளால் மற்றக் கைக்குப் போகக் கூடாது. முதல் வால்வின் உள்தகடான பிளேட்டுக்குக் கறண்ட் கொண்டுபோகும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரில் ஊசி பட்டதும் ஸ்பீக்கர் வெடித்தது. பழைய காபன் வகை. பிளக்கைப் பிடுங்கி, கப்பாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் ஊடாக வடியவிட்டு, மீற்றரில் பார்த்த பிறகுதான் ஐயா விரல் வைத்தார். 300 வோல்ட்டுக்கு மேலே, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நிற்கும். அந்தக் காபன் ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போட்டார், அதன் விலை ஒரு பிளேன்ரீ காசும் வராது. எனக்கு அழுகைதான் வந்தது.

அதுக்குப் பிறகு பெரிதாக ஒன்றுமில்லை. மாரியில் வால்வுப் பின்களில் ஊத்தை பிடிக்கும், கொண்டாக்ட் கிளீனர் அடித்து இரண்டு மூன்று தரம் கழற்றிப் பூட்டினால் சரி (அம்ப் ஆறினபிறகு; ஒருமுறை விரலைச் சுட்டுக்கொண்டேன்). ஃபான் ரெகுலேட்டரைப் பாதியில் வைத்தால் என் கிட்டாரில் கம்பி அதிர்வைப் பிடிக்கிற சிங்கிள் கொயில் பிக்கப் வண்டு மாதிரி இரையும், கிட்டாரோடு கொஞ்சம் திரும்பி இருந்தால் குறைகிறது. ‘ஸ்ஸ்’ என்ற சீறல் எப்போதும் இருக்கிறது, அது வால்வு அம்பின் மூச்சு, அதோடு சண்டை பிடிப்பதில்லை.

இப்போது முதல் இடத்தில் நிற்பது பழைய வால்வுதான், நான் குற்றஞ்சாட்டிக் கழற்றினது. புதிதாக வாங்கிய மூன்றும் பிஸ்கட் ரின்னுக்குள் பழுதில்லாமல் கிடக்கின்றன. மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை.