நுவரெலியாவில் நீர்வர்ண ஓவியம் வாங்குவோர் கவனத்துக்கு

ஏப்ரல் சீசனில் நுவரெலியாக் கடைகளில் கண்ணாடிச் சட்டகமிட்ட நீர்வர்ண ஓவியம் வாங்குவதானால், பணம் கொடுக்குமுன் சட்டகத்தின் பின்பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.

காலிக் கோட்டைக் காட்சி ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். 1939இல் கட்டப்பட்ட வெளிச்சவீடு, எதிரே வெள்ளைப் பள்ளிவாசல், ஆளரவமற்ற தெரு, மதிலுக்கு அப்பால் கடல். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்த அம்மாவின் அறையில் மாட்டுவதற்காக வாங்கினேன். "முழுக்கக் கைவேலை அண்ணா, இது ஒன்றுதான் இருக்கிறது" என்ற கடைக்காரர், படத்தைக் கண்ணாடிக்குள் அடைக்குமுன் தடவிப் பார்க்கவும் சொன்னார். தென்னோலையிலும் அலை நுரையிலும் வர்ணம் விரலில் மேடாகத் தட்டுப்பட்டது.

மோசடியே அந்த மேட்டில்தான் இருக்கிறது. கணினியில் அச்சிட்ட படத்தின்மேல் அங்கங்கே தடித்த வர்ணத்தைத் தீற்றிவிடுகிறார்கள். உண்மையான நீர்வர்ணம் கடதாசியில் ஊறிப் படிவது. அப்படித் திரண்டு நிற்காது. வெள்ளைச் சுவரையும் நுரையையும் பெரும்பாலும் கடதாசியின் வெண்மையை விட்டுவைத்தே காட்டுவார்கள். வர்ணம் காய்ந்த ஓரங்களில் மெல்லிய அடர்கோடு தெரியும்.

மழைக்காலத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. இடைவெளி விடும் மவுண்ட் அட்டைகூட வைக்கவில்லை. நம் மலை ஈரத்துக்கு அது பெரிய குற்றம். ஹட்டனில் சட்டகம் போடுபவரிடம் கொடுத்தேன். அவர் பூதக்கண்ணாடியை வானத்தின்மேல் வைத்துக் காட்டினார்: நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று பொடிப் புள்ளிகள். ஓவியரின் கையொப்பமும் புள்ளிகள்தான்!

அச்சுப்படம் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் எனக்குக் குறையே இல்லை. கையால் வரைந்து பிழைக்கும் கலைஞர்களின் சோற்றில் அல்லவா மண் அள்ளிப் போடுகிறார்கள்! கடைக்காரரைத் தொலைபேசியில் கேட்டபோது, "சீசன் முடிந்துவிட்டது, திருப்பி எடுக்க மாட்டோம்" என்று துண்டித்துவிட்டார். பற்றுச்சீட்டில் "படம் 1" என்று மட்டுமே இருக்கிறது. நீங்கள் "கையால் வரைந்த அசல் நீர்வர்ண ஓவியம்" என்று எழுதி வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிட்டிருக்கிறேன். அவர்களின் இலக்கம் 1977. இதே காலிக் காட்சியை வாங்கியவர்கள் இருந்தால், பற்றுச்சீட்டைத் தொலைக்காமல் நீங்களும் முறையிடுங்கள்.