ரீப்பர்: மாஸ்டரிங்குக்கு ஃபைல் அனுப்ப இது போதும்

பாட்டைப் பதிவு செய்து மிக்ஸ் பண்ண உதவும் ரீப்பர், பார்வைக்கு ஒன்றும் அழகான மென்பொருள் இல்லை. வின்ஆம்ப் என்ற பாட்டு ப்ளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் இதையும் செய்தவர் என்றால், பார்த்ததும் நம்பிவிடலாம். ஆனால் கன்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வருகிற, பாட்டை ஃபைலாக எழுதித் தரும் ரெண்டர் விண்டோவுக்காகவே காசு கொடுக்கலாம் என்பேன். மிக்ஸ் முடித்து மாஸ்டரிங் செய்பவருக்கு, அதாவது வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீராக்குபவருக்கு, அனுப்ப வேண்டியதெல்லாம் அந்த ஒரே இடத்தில் இருக்கிறது.

முதலில் எல்லா ஒலியும் வந்து சேரும் மாஸ்டர் ட்ராக்கில் சத்தம் கூட்டப் போட்ட லிமிட்டரை அணைத்துவிடுங்கள். அப்புறம் ரெண்டரில் ஃபைல் வகையாக வேவ், 32 பிட் ஃப்ளோட். எங்காவது தவில் அடி மீட்டரின் சிவப்பைத் தாண்டியிருந்தாலும் இந்த வகை ஃபைலில் அலை வெட்டுப்படாது. மாஸ்டரிங் செய்பவர் ஒலி அளவைக் குறைத்தால் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். 24 பிட்டில் வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டதுதான். உச்சத்துக்கு மேலே 6 டெசிபல் இடம் விட்டே ஆகவேண்டும் என்று வேதவாக்கு மாதிரி சொல்வார்கள். அவ்வளவு கறார் தேவையில்லை, உச்சம் சிவப்பைத் தொடாமல் இருந்தால் சரி.

எனக்குப் பிடித்தது 'டெயில்' கட்டம். புல்லாங்குழல் நின்ற பிறகும் ரிவர்ப் என்ற எதிரொலி கொஞ்ச நேரம் கரைந்துகொண்டே இருக்கும் அல்லவா? அங்கே 5000 மில்லிசெகண்ட் என்று போட்டுவிட்டால் கடைசி மூச்சு வரை பதிவாகிறது. ஒலி மெல்ல மங்கும் ஃபேட் எங்கே என்பதை மாஸ்டரிங்கில் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொரு வசதி, இரண்டாவது ஃபார்மட். மாஸ்டரிங் செய்பவருக்கு வேவ், பாடகருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப எம்பி3, ஒரே ரெண்டரில் இரண்டும் வந்துவிடும். 'ட்ரை ரன்' கொடுத்தால் ஃபைல் எழுதாமலேயே உச்சம், லவுட்னஸ் கணக்கை மட்டும் காட்டும்.

குறை இல்லாமல் இல்லை. புதிதாக வருபவர் இத்தனை பெட்டிகளைப் பார்த்து மிரண்டுபோவார். ப்ராஜெக்ட் 48 கிலோஹெர்ட்ஸில் இருந்தாலும், ரெண்டரில் சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளப்பது என்ற கணக்கு) 44.1 என்று இருந்தால் ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு முறையும் அதை ஒரு கண் பார்த்துவிடுங்கள். ஒலி அளவைத் தானாக ஏற்றி இறக்கும் நார்மலைஸ் பக்கம் போகவே வேண்டாம். ஸ்பாட்டிஃபை –14 எல்யுஎஃப்எஸ் என்ற லவுட்னஸ் அளவில்தான் ஒலிக்கும் என்று கேள்விப்பட்டு மிக்ஸையே அங்கே கொண்டுபோய் நிறுத்துபவர்கள் உண்டு. அந்தக் கவலைக்குத்தானே மாஸ்டரிங் ஆளுக்குப் பணம் கொடுக்கிறோம்?

60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் பயன்படுத்திப் பார்க்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். இதை வைத்து வருஷத்துக்கு 20,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்கள் 225 டாலர் கட்டவேண்டும். நம்மில் பலருக்கு அந்தத் தொல்லை வராது.