டைனமோ பெல்ட்டின் இறுக்கம்: கையா, திருகா, ஸ்பிரிங்கா?

காலையில் வண்டியைக் கிளப்பியதும் பானட்டுக்குள்ளிருந்து 'கீய்ய்' என்று சத்தம் வருகிறது, ஹெட்லைட்டைப் போட்டால் இன்னும் கூடுகிறது என்றால் டைனமோ பெல்ட் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். (பேச்சில் டைனமோ என்கிறோம், உள்ளே இருப்பது ஆல்டர்நேட்டர், இன்ஜின் ஓடும்போது கரண்ட் தந்து பேட்டரியைச் சார்ஜ் செய்வது.) புது பெல்ட்டை மாட்டுவது பெரிய வேலை இல்லை. மாட்டியபின் எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் சூட்சுமம். அந்த இறுக்கத்தைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு வண்டிக்கு வண்டி மாறும்.

பழைய ஏற்பாடு நம் கையை நம்பியது. மாருதி 800-இல் ஒற்றை வி பெல்ட்தான் (குறுக்கே வெட்டினால் V வடிவில் இருப்பது) வாட்டர் பம்பையும் ஆல்டர்நேட்டரையும் சுற்றுகிறது. ஆல்டர்நேட்டர் ஒரு பக்கம் கீல் மாதிரி அசையும், இன்னொரு பக்கம் நீளத் துளை போட்ட பட்டையில் போல்ட்டால் பூட்டியிருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, லிவரால் நெம்பிப் பிடித்துக்கொண்டே மறு கையால் முடுக்க வேண்டும். செலவே இல்லை, கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. ஆனால் நெம்புகிறவரின் பலம்தான் அளவு. என் 800-இல் சத்தம் நிற்க வேண்டும் என்று ஒருமுறை ஒரு பட்டறையில் கம்பியால் நன்றாக நெம்பி முடுக்கிவிட்டார்கள். சத்தம் நின்றது. சில மாதத்தில் ஆல்டர்நேட்டரிலிருந்து அரைவை மிஷின் மாதிரி ஓர் உறுமல். பேரிங் போய்விட்டது. தளர்ந்த பெல்ட் கத்தி எச்சரிக்கும். அளவு மீறி இறுகியதோ சத்தமே போடாமல் பேரிங்கைத் தின்னும், வாட்டர் பம்ப் பேரிங்கையும் சேர்த்து.

சரி, அளவு எப்படித் தெரியும்? இரண்டு புல்லிகளுக்கு (பெல்ட் ஓடும் சக்கரங்கள்) நடுவே, நீளமான பகுதியில், சுமார் 10 கிலோ அழுத்தம் கொடுத்து பெல்ட் எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போகிறது என்று பார்ப்பது வழக்கம். எத்தனை இருக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். 10 கிலோ என்பது எவ்வளவு என்று விரலுக்குத் தெரிய வேண்டுமே? வீட்டு எடை மிஷினைக் கட்டை விரலால் அமுக்கி 10 காட்டும்வரை பாருங்கள். நினைத்ததைவிட அதிகமாகவே அமுக்க வேண்டியிருக்கும். இதைச் செய்து பார்க்காமல் 'விரலால் பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்பதை நான் நம்புவதில்லை.

இரண்டாவது, திருகு ஏற்பாடு. பல ஜப்பானிய, கொரிய கார்களில் இது உண்டு. நெம்புவதே இல்லை. பூட்டு போல்ட்டைத் தளர்த்தி, சரிசெய்யும் நீள போல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் ஆல்டர்நேட்டர் தானாக விலகி பெல்ட் இறுகும். கையை எடுத்தாலும் நகராது. அமுக்கிப் பார், இன்னும் கால் சுற்று திருகு, மறுபடி பார். வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பேன். ஒரே ஆபத்து, பூட்டு போல்ட்டைத் தளர்த்த மறந்து திருகினால் மரை போய்விடும்.

மூன்றாவது ஸ்பிரிங் டென்ஷனர், அதாவது ஸ்பிரிங் பலத்தில் பெல்ட்டை அழுத்திப் பிடிக்கும் கை. ஏசி, பவர் ஸ்டீயரிங் எல்லாவற்றையும் சுற்றி ஓடும் ஒரே நீளப் பட்டை பெல்ட்டுக்கு இதுதான் தோது. பெல்ட்டின் மேல் 6பிகே1750 என்று இருந்தால் ஆறு வரி (பெல்ட்டின் நீளவாக்கில் ஓடும் மேடுகள்), 1750 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். டென்ஷனர் கையை ஸ்பேனரால் தள்ளிப் பிடித்து பெல்ட்டை மாற்றினால் போதும், இறுக்கத்தை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். கழற்றும் முன் பெல்ட் ஓடும் பாதையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பிரச்சினை என்னவென்றால், ஸ்பிரிங்கும் ஒருநாள் சோர்ந்துபோகும். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது டென்ஷனர் கை கடகடவென ஆடினால் புது பெல்ட் மட்டும் போட்டுப் பயனில்லை. டென்ஷனரும் விலை அதிகம்.

டென்ஷனரே இல்லாமல் தானே இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச் பெல்ட்டும் சில வண்டிகளில் வருகிறது. அதை மாட்டத் தனிக் கருவி வேண்டும், பட்டறைக்கே விட்டுவிடலாம்.

எந்த ஏற்பாடாக இருந்தாலும் சத்தத்தைக் கேட்டவுடன் முடுக்கப் போகாதீர்கள். வரிகள் உள்ள பட்டை பெல்ட் என்றால், இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, கை, சட்டை நுனி எதுவும் அருகே போகாமல் பார்த்துக்கொண்டு, வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. சற்று நேரம் நின்று மறுபடி வந்தால் புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இல்லை, முடுக்கினால் தீராது.

அப்புறம், முதல் இரண்டு ஏற்பாட்டில் லிவரையோ ஸ்பேனரையோ உள்ளே விடும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். ஆல்டர்நேட்டரின் பெரிய முனையில் எப்போதும் கரண்ட் இருக்கும். நெம்பும்போது முன்பக்க வார்ப்பு உடம்பில் மட்டும் முட்டுக்கொடுங்கள். புது வி பெல்ட் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, இன்ஜினை நிறுத்தி ஆறவிட்டு மறுபடி அமுக்கிப் பாருங்கள். புல்லியின் பள்ளத்தில் உட்கார்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும்.